'டர்போ போச்சு'ன்னு சொல்றாங்களா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறங்க!

ஏற்காடு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் ஸ்விஃப்ட் டீசல் பதினோராவது வளைவிலேயே கையை விரித்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் வண்டி நகர்ந்ததே தவிர, ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னாடி ஒரே கரும்புகை. பைக்கில் வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்துவிட்டுப் போனார். அப்பா முன்சீட்டில் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டினால்கூடச் சமாளித்துவிடலாம், பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். 2011-ல் பி.எஃப். லோன் போட்டு அவர் வாங்கிய கார் அது.

உருட்டிக்கொண்டே சேலம் வந்து சேர்ந்தோம். சமதரையில், மெதுவாகப் போனால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஐடிலிங்கில் பூனை மாதிரி நிற்கிறது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "டர்போ போயிடுச்சு தம்பி. புதுசு போட்டா 42 ஆயிரம் ஆகும்" என்றார்கள். வித்தாலே ஒன்றரை லட்சம் தேறாத வண்டிக்கு 42 ஆயிரமா? அன்றைக்கு ராத்திரி வீட்டில், 'பேசாம வித்துடலாம்' என்கிற பேச்சு முதல்முறையாக வந்தது.

விற்கவில்லை. அடுத்த நாள் அம்மாபேட்டையில் நண்பனுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனோம். அவர் டர்போவைத் தொடவே இல்லை. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடிமனான ரப்பர் ஹோஸைப் பிடித்து அழுத்தி, லேசாக முறுக்கினார். "தம்பி, இங்க அடியில விரலை வச்சுப் பாரு" என்றார். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். கதை சுபம்தானே? இல்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பழைய டர்போ கார் இப்போது நிறைய பேரின் முதல் கார். சொந்தச் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பீர்கள், இல்லை என்னை மாதிரி அப்பாவிடமிருந்து வந்திருக்கும். அதிலும் 2007-ல் ஸ்விஃப்டில் வந்த 1,248 சிசி ஃபியட் டீசல் இன்ஜின் இருக்கிறதே, அது டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா என்று ஊரில் பாதி கார்களுக்குள் புகுந்து, 'நேஷனல் இன்ஜின்' என்றே பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆக, தெருவில் ஓடும் மாருதி டீசல் எல்லாமே இன்றைக்குப் பழைய வண்டிதான். அவற்றில் எது இழுக்காமல் நின்றாலும் முதல் பழி டர்போ மேல்தான் விழுகிறது.

உள்ளே என்னதான் நடக்குது?

1905-லேயே ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூச்சி பேட்டன்ட் வாங்கிய ஐடியா இது. இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகையில் நிறைய சூடும் வேகமும் வீணாகிறது. அந்தப் புகையை ஒரு சின்ன விசிறி மேல் அடித்தால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறியை மாட்டினால், அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரிக்கலாம். அதனால்தான் ஒரு சின்ன 1.3 லிட்டர் இன்ஜின் ஐந்து பேரையும் லக்கேஜையும் மலை மேல் இழுக்கிறது.

ஊட்டிக்கு டர்போ இல்லாத பெட்ரோல் காரில் போனவர்களுக்கு இது நன்றாகவே புரியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு. வண்டிக்கு மூச்சு வாங்கும். டர்போ கார் அந்தக் குறையை அழுத்திச் சரிக்கட்டிவிடும்.

இப்போது என் கார் ஏன் மலையில் மட்டும் படுத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஐடிலிங்கில் டர்போவுக்குப் பெரிதாக வேலையே இல்லை. ஹோஸில் ஓட்டை இருந்தாலும் தெரியாது. ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த நேரம் பார்த்து கிழிசல் வாயைத் திறக்கும், அழுத்திய காற்று வெளியே ஓடும். டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று இல்லை. அரைகுறையாக எரிந்ததுதான் அந்தக் கரும்புகை. டர்போ தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது, பாவம்.

புகையின் நிறத்தை எல்லோருமே கவனிக்கக் கற்றுக்கொள்ளலாம். கறுப்பு என்றால் காற்று பத்தவில்லை. ஹோஸ், ஏர் ஃபில்டர், கரி படிந்த இ.ஜி.ஆர். வால்வு, இப்படி டர்போவுக்கு வெளியே பல காரணங்கள் இருக்கலாம். நீலம் கலந்த புகை என்றால் எங்கேயோ இன்ஜின் ஆயில் எரிகிறது. டர்போ மேல் சந்தேகப்பட வேண்டியது இப்போதுதான். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் வண்டியை ஓட்டாதீர்கள், நேராக மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குளிர் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து மறைந்தால் அது வெறும் நீராவி.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறங்கள். ஆறிய பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். டர்போவின் புகைப் பக்கம் பல நூறு டிகிரி சூட்டுக்குப் போகும். என் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது.

ஏர் ஃபில்டர் டப்பாவில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து டர்போவுக்கு ஒரு குழாய், டர்போவிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய். இன்டர்கூலர் உள்ள கார்களில் அது நடுவில் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். இந்தப் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். வளைவுகளையும் கிளாம்ப் இருக்கும் இடங்களையும் நன்றாக அழுத்திப் பாருங்கள். சும்மா பார்த்தால் ஹோஸ் முழுசாகத்தான் தெரியும், அழுத்தினால்தான் வெடிப்பு கண்ணுக்குப் படும். அடிப்பக்கம் கண்ணுக்கு எட்டாது. செல்போன் கேமராவை ஃபிளாஷோடு கீழே நீட்டி வீடியோ எடுங்கள். வேறெங்கும் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் எண்ணெயில் தூசி ஒட்டி அப்பிக்கிடந்தால், காற்று அங்கேதான் கசிகிறது.

அடுத்து மெல்லிய ரப்பர் டியூப்கள். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்கு ஒன்றிரண்டு போகும். பத்து வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்து அப்பளம் மாதிரி நொறுங்கும். மீட்டர் கணக்கில் வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். ஆனால் ஒன்று கழன்றாலும் வண்டி இழுக்காது.

இனி டர்போ. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் உள்ளே சின்ன விசிறி தெரியும். குழாயின் உள்சுவரில் லேசாக எண்ணெய் ஈரம் இருக்கலாம். அதைப் பார்த்து அலற வேண்டாம். இன்ஜினின் ஆவியை அந்தக் குழாய்க்குள்தான் திருப்பிவிடுகிறார்கள், அதனால் வரும் ஈரம் அது. சொட்டச் சொட்டத் தேங்கிக்கிடந்தால்தான் பிரச்னை. விசிறியின் நடுவில் உள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் துளி அசைவு இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவே தெரியக்கூடாது. சுற்றிவிட்டால் இறக்கைகள் எங்கேயும் உரசக்கூடாது, இறக்கையின் ஓரம் உடைந்திருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறிவிட்டால், 'டர்போ போயிடுச்சு' என்பவரிடம் 'எப்படிண்ணே சொல்றீங்க?' என்று தைரியமாகக் கேட்கலாம். குழாயைத் திரும்ப மாட்டும் முன், உள்ளே நட்டு, துணித் துண்டு எதுவும் விழவில்லை என்று இரண்டு முறை பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு சின்ன வாஷர் போதும், விசிறி காலி.

செல்போன் கையில் இருக்கிறது என்றால் ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகினால், ஆப்பில் இன்ஜின் விவரங்கள் ஓடும். மிகப் பழைய கார்களில் எல்லா விவரமும் வராது. இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர் என்று ஒரு எண் வந்தால் அதைக் கவனியுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், சென்னையில் அது 100 கிலோ பாஸ்கலை ஒட்டி நிற்கும். அது வெளிக்காற்றின் அழுத்தம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது அது மளமளவென்று மேலே போக வேண்டும். போகாமல் 100-ஐச் சுற்றியே நொண்டினால் காற்று எங்கேயோ வெளியேறுகிறது, இல்லை டர்போ தள்ளவில்லை. எண்ணைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

பி0299 என்று ஒரு கோடு வந்தால், 'காற்றழுத்தம் குறைவு' என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதைக் காட்டி 'பாருங்க, கம்ப்யூட்டரே டர்போ போச்சுன்னு சொல்லுது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை.

கொலைகாரன் யாரு?

இப்போது அந்த 'அப்புறம் சொல்கிறேன்' விஷயத்துக்கு வருவோம். ஹோஸை மாற்றி முடித்த பிறகு அம்மாபேட்டை அண்ணன் ஆயில் மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் கறுப்பாக, அல்வா மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது. "கடைசியா எப்ப ஆயில் மாத்துன?" என்றார். கிளவ் பாக்ஸில் பில்லைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். 17,400 கிலோமீட்டர் ஆகியிருந்தது. "ஹோஸ் கிழிஞ்சது அதுவா நடந்தது. டர்போவை நீதான் கொன்னுக்கிட்டு இருக்க" என்றார். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வண்டி என் கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் மிகைப்படுத்தவில்லை. டீசல் இன்ஜின் நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுற்றினாலே அலறும். டர்போவின் தண்டு ஒரு லட்சத்தை எல்லாம் சர்வ சாதாரணமாகத் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்குவது பால் பேரிங் கிடையாது, ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த ஆயில் வருவது பேனா ரீஃபில் அளவுக்கே துளை உள்ள ஒரு குழாயில். ஆயில் கெட்டியாகி அந்தத் துளை அடைத்தால், தண்டு உலோகத்தோடு உலோகமாக உரசும். அதற்கப்புறம் நிமிஷக் கணக்குதான். புதுசு மாட்டும்போது அந்தக் குழாயையும் மாற்றாமலோ சுத்தம் செய்யாமலோ விட்டால், புது டர்போவும் அதே வழியில் போகும். 'ரெண்டாவது தடவையும் போச்சு, டூப்ளிகேட் பார்ட்டு' என்று புலம்புகிறவர்களில் சிலரின் கதை இதுதான்.

அதனால் ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று புத்தகம் சொன்னால், 1 லட்சம் தாண்டிய டர்போ காருக்கு 7,500-லேயே மாற்றுவதுதான் என் கணக்கு. கம்பெனி மேனுவலில் சொன்ன கிரேடு மட்டும்தான். டீசலில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுப்பாகிவிடும். அதனால் கலரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஓடோமீட்டரைப் பாருங்கள். அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரை ஒரு பேப்பரில் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். போன் ரிமைண்டரை எல்லாம் நாம் மதிப்பதில்லை, உண்மையைச் சொல்லணும்னா.

வீட்டிலேயே மாற்றலாமா? தாராளமாக. சமதரை, ஜாக்கி, அதோடு கட்டாயம் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அவசரத்துக்குச் செங்கல் அடுக்குகிற வேலையும் வேண்டாம், செங்கல் நொறுங்கும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்கி, ஃபில்டரையும் டிரெயின் போல்ட் வாஷரையும் புதிதாகப் போட்டு, டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்துங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணைந்து, ஒரு நிமிஷமாவது ஆகும் வரை ரேஸ் கொடுக்கக்கூடாது. டர்போவுக்குப் புது ஆயில் போய்ச் சேரட்டும். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

பழைய ஆயில் கெட்டியாக இருக்கிறதே என்று ஃப்ளஷ் ஊற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் அண்ணன். எங்கேயோ ஒட்டிக்கிடக்கும் அழுக்கு மொத்தமாகப் பெயர்ந்து அந்த ரீஃபில் குழாயில் போய் உட்கார்ந்தால் என்ன செய்வாய் என்பது அவர் கேள்வி. அதற்குப் பதிலாக 2,000 கிலோமீட்டரில் ஒரு முறை, 3,000-ல் இன்னொரு முறை என்று அடுத்தடுத்து ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வைத்தார். கொஞ்சம் செலவுதான். மூடி இப்போது சுத்தமாக இருக்கிறது.

ஓட்டும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பைபாஸில் நூறு கிலோமீட்டர் விரட்டிவிட்டு, ஹோட்டல் வாசலில் நிறுத்திய கையோடு சாவியைத் திருகினால், டர்போ தகதகவென்று கொதித்துக்கொண்டிருக்கும், ஆயில் ஓட்டம் மட்டும் நின்றுவிடும். உள்ளே மாட்டிய ஆயில் அப்படியே தீய்ந்து கரியாகும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் போதும். வீட்டுத் தெருவில் ஏற்கெனவே மெதுவாக உருட்டி வந்து நிறுத்துகிறீர்கள் என்றால், அந்த ஒரு நிமிஷமும் தேவையில்லை. ஐந்து நிமிஷம் ஓடவிடும் நண்பர்கள் இருக்கிறார்கள், டீசலுக்குப் பிடித்த கேடு.

போலோ டி.எஸ்.ஐ., லீனியா டி-ஜெட் மாதிரி பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பெட்ரோலில் புகையின் சூடு இன்னும் அதிகம். அதனால் ஆயிலோடு கூலன்ட் அளவையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பாருங்கள்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இன்ஜின் ஓடும்போது அங்கே ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கக் கொசு கடித்த மாதிரி இருக்கும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். அப்படிப் பட்டால் நேராக ஆஸ்பத்திரி. இந்தக் குழாய்களை வீட்டில் தளர்த்தவே கூடாது. டர்போவைப் பிரித்து ரீகண்டிஷன் செய்வதும் நம் வேலை இல்லை. அந்தச் சுழலும் பாகத்தை மெஷினில் வைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

கடைசியாக, டீசல் டர்போ வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒன்று. டர்போ உள்ளுக்குள் உடைந்தால், இல்லை ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே எக்கச்சக்கமாக ஊற்றியிருந்தால், இன்ஜின் காற்றோடு தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமலேயே ஆர்.பி.எம். ஏறும், தெருவே புகையாகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலைத்தான், இங்கே எரிவது ஆயில். மேனுவல் கார் என்றால், பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தி, கிளட்ச்சை மிதித்து நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்துவிடும். ஓடும்போது நடந்தால், உயர்ந்த கியரிலேயே வைத்து, கிளட்ச்சைத் தொடாமல் பிரேக் பிடித்து ஓரத்தில் நிறுத்துங்கள். முடியவில்லையா? எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். காற்றுக் குழாயைக் கையால் பொத்த யாரையும் விடாதீர்கள். அது கையையே இழுக்கும், இன்ஜினும் வெடித்துச் சிதறலாம்.

இதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நான் அப்பாவுக்குச் சொன்னேன். தெருவில் நிறுத்திய காரில், இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, பிரேக், கிளட்ச், ஐந்தாவது கியர் என்று நான்கைந்து முறை செய்து பார்த்துக்கொண்டார்.

எங்கள் காருக்கு 15 வருஷம் முடிகிறது. இனி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தேறினால் இன்னும் 5 வருஷம். போன வாரம் புகை டெஸ்ட் எடுத்தேன், பாஸ். வெளியே வந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஆயில் எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்?" பானெட்டைத் திறந்து பேப்பரைக் காட்டினேன். இன்னும் 900 இருக்கிறது. "அப்போ ஏற்காடு போயிட்டு வந்துடலாம்" என்றார்.